மருந்தடித்த மறுநாள்

1942ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் மொபைல் என்றொரு துறைமுக நகரம். 13 வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த காலி மனையில் எறும்புகளைத் தேடிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் மீன் முள் குத்தி அவனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. தூரத்துப் பறவைகளைப் பார்ப்பது சிரமம். கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்க்கக்கூடிய உயிர்கள்தான் அவனுக்குத் தோது. அந்த மனையில் அவன் கண்ட எறும்பு வகைகளில் ஒன்று அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதது. மண்ணைக் குவித்துப் புற்று கட்டியிருந்தது. தொட்டால் படையாக ஏறிக் கொட்டியது.

பையனின் பெயர் எட்வர்ட் வில்சன். பின்னாளில் ஹார்வர்டு பேராசிரியராகி, எறும்புகளைப் பற்றி உலகிலேயே அதிகம் தெரிந்தவர்களில் ஒருவரானவர். இரண்டு முறை புலிட்சர் பரிசு பெற்றவர்.

அவர் பார்த்த அந்தச் செவ்வெறும்புக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் பராகுவே, பரானா ஆற்றுப் படுகைகள். 1930களில் கப்பலேறி, சரக்கோடோ மண்ணோடோ மொபைல் துறைமுகத்தில் இறங்கியிருக்கும் என்பது பொதுவான கணிப்பு. ஆற்றங்கரை எறும்பு என்பதால் வெள்ளத்துக்குப் பயமில்லை. தண்ணீர் வந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தெப்பமாக மிதக்கும்; ராணியையும் குஞ்சுகளையும் தெப்பத்தில் ஏற்றிக்கொள்ளும். 2017ல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது தெருக்களில் இந்தத் தெப்பங்கள் மிதந்தன.

அறிவியல் பெயர் சோலனாப்சிஸ் இன்விக்டா. 1972ல் வில்லியம் பியூரன் என்ற பூச்சியியலாளர் வைத்தது. இன்விக்டா என்றால் லத்தீனில் 'வெல்லப்படாதது'. பெயர் வைத்த வருஷத்தைக் கவனியுங்கள். அதற்குள் அமெரிக்க அரசு இந்த எறும்போடு 15 வருஷம் சண்டை போட்டு முடித்திருந்தது.

ஆறு வரிச் சீட்டு

நான் ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் எட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இங்கே வீடு என்றால் முன்னாலும் பின்னாலும் புல்தரை. புல்தரை என்றால் நெருப்பெறும்பு. போன வசந்தத்தில் என் நாலு வயது மகள் வெறுங்காலோடு ஓடிப்போய் ஒரு புற்றில் கால் வைத்துவிட்டாள். இந்த எறும்பு தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்பக்கக் கொடுக்கால் வட்டமாகத் திரும்பித் திரும்பிக் குத்தும். தீ பட்ட மாதிரி எரியும். மறுநாள் ஒவ்வொரு குத்திலும் வெள்ளையாகச் சீழ்க்கொப்புளம். அவள் காலில் பதினேழு இருந்தன. அலர்ஜி உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. மகளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்குப் புல்லைக் கண்டாலே அழுதாள்.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டோம். ஊரிலிருந்த அம்மாவுக்கு போனில் சொன்னபோது சிரித்தார். "எறும்புக்கு ஆள் கூப்பிட்டு காசு குடுத்தியாடா? ரெண்டு கோடு சாக்பீஸ் போட்டா போவாதா?" லட்சுமண ரேகா சாக்பீஸைச் சொல்கிறார். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்தது பிஹெச்சி பவுடர். மூலைக்கு மூலை வெள்ளையாகத் தூவி வைப்பார்கள். ஒரே நெடி.

வந்தவர் மருந்துப் பம்பைத் தூக்கவே இல்லை, முதலில் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸை எடுத்துப் புற்றுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கால் மணி நேரத்தில் எறும்பு மொய்த்தது. "பசியா இருக்கு, இன்னைக்கு வேலை நடக்கும்" என்கிற மாதிரித் தலையாட்டினார். பிறகு புல்தரை முழுக்க மஞ்சள் துகளைக் கொஞ்சமாகத் தூவினார். சுவரோரம் மட்டும் ஒரு திரவ மருந்து. மொத்தம் அரை மணி நேரம். போகும்போது ஒரு சீட்டு கொடுத்தார். 'சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை' என்று தலைப்பு. ஆறே வரிகள்:

திரவ மருந்து காயும்வரை குழந்தைகளையும் நாய் பூனைகளையும் வெளியே விடாதீர்கள். 24 மணி நேரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். புற்றைக் கிளறாதீர்கள். முதல் சில நாள் எறும்பு நடமாட்டம் அதிகமாகத் தெரியலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மழைக்குப் பின் புதுப் புற்றுகள் வரலாம்.

காசு கொடுத்தவனுக்கு இது என்ன பதில்? எறும்பு உடனே சாகாது, முதலில் கூடும், அப்புறம் திரும்பியும் வரும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு இந்த எறும்பின் அமெரிக்க வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். அந்த ஆறு வரிகளும் ஏறக்குறைய இருபது வருஷத் தோல்வியிலிருந்து கற்ற பாடங்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

வானத்திலிருந்து

1957ல் அமெரிக்க காங்கிரஸ் நெருப்பெறும்பு ஒழிப்புக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்கியது. கவனிக்க வேண்டிய சொல் 'ஒழிப்பு'. கட்டுப்பாடு அல்ல. தென் மாநிலங்களில் சுமார் 2 கோடி ஏக்கரில் பரவியிருந்த எறும்பை, ஒன்று விடாமல் அழித்துவிட வேண்டும் என்பது விவசாயத் துறையின் திட்டம்.

அந்தக் காலத்தின் மனநிலை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. போரில் டிடிடி சிப்பாய்களைப் பேனிலிருந்தும் கொசுவிலிருந்தும் காப்பாற்றியிருந்தது. விமானங்கள் கைவசம் இருந்தன, விமானிகள் இருந்தார்கள், புதுப்புது மருந்துகள் இருந்தன. இத்தனையும் கையில் இருக்கும்போது ஒரு எறும்பு எம்மாத்திரம்?

எடுத்துக்கொண்ட மருந்துகள் டீல்ட்ரினும் ஹெப்டாகுளோரும். எங்கள் வீட்டுப் பிஹெச்சி பவுடருக்கு ஒன்றுவிட்ட உறவு. எல்லாமே குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள். கொழுப்பில் கரையும், மண்ணில் வருஷக்கணக்கில் நிற்கும். டிடிடியைவிடப் பல மடங்கு கடுமையானவை. ஏக்கருக்கு 2 பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் என்ற கணக்கில், விமானத்திலிருந்து குருணையாகக் கொட்டினார்கள். வயல், காடு, மேய்ச்சல் நிலம், வீட்டுத் தோட்டம் என்று பார்க்கவில்லை.

இந்த எறும்பு பயிருக்கு அப்படி என்ன கெடுதல் செய்தது? கொட்டுவது நிஜம். புற்று மேடுகள் அறுவடை எந்திரத்துக்கு இடைஞ்சல் என்பதும் நிஜம். ஆனால் அதை நேரில் பார்த்துவந்த அலபாமாவின் வேளாண் பூச்சியியலாளர்களே பயிர்ச்சேதம் பெரிதில்லை என்றுதான் சொன்னார்கள். பருத்திக் காய்த்துளைப்பான், கால்நடை உண்ணி என்று அது தின்று தீர்க்கும் பூச்சிகளும் நிறைய. இதெல்லாம் யார் காதிலும் விழவில்லை.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. எறும்பு செத்தது. அதற்கு மறுநாள்தான் கதை ஆரம்பம்.

மருந்து விழுந்த பண்ணைகளில் பாப்வைட் காடைகள் செத்துக் கிடந்தன. காட்டு வான்கோழிகள், பாட்டுப் பறவைகள், அர்மடில்லோக்கள், குட்டைகளில் மீன்கள். கோழியும் கன்றுக்குட்டியும் நாயும் செத்ததாக விவசாயிகள் புகார் சொன்னார்கள். செத்த பறவைகளின் உடலைச் சோதித்தால் உள்ளே ஹெப்டாகுளோர். மண்ணிலும் உடலிலும் போன பிறகு அது ஹெப்டாகுளோர் எபாக்சைடு என்ற இன்னும் நீடித்து நிற்கும் பொருளாக மாறியது. மேய்ந்த மாட்டின் பாலில் வந்தது. 1959ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், உணவில் ஹெப்டாகுளோர் எச்சம் துளிகூட இருக்கக் கூடாது என்று அறிவித்தது. ஒரு அரசுத் துறை கொட்டியதை இன்னொரு அரசுத் துறை தடுக்க வேண்டியதாயிற்று.

லூசியானாவின் கரும்பு வயல்களில் நடந்தது இன்னும் விசேஷம். கரும்புத் தண்டைத் துளைக்கும் புழுவைத் தின்பது நெருப்பெறும்பு. எறும்பை ஒழித்த வயல்களில் தண்டுத் துளைப்பான் பெருகியது. தொந்தரவு செய்யும் காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை.

பறவைகள் செத்தது ஒரு பக்கம். மறு பக்கம், எறும்பும் திரும்பி வந்துகொண்டிருந்தது. சில வருஷங்களில், திட்டம் தொடங்கியபோது இருந்ததைவிட எறும்பு பிடித்த நிலம் அதிகமாகிவிட்டது என்று லூசியானாவின் பூச்சியியலாளர்கள் சொல்லும் நிலை வந்தது. 1962ல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளியானது. டிடிடிக்கு எதிரான புத்தகம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் வானத்திலிருந்து மருந்து தெளிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் பாதிக்கு மேல் இந்த எறும்புச் சண்டைதான். கார்சன் கேட்டதன் சாரம் எளிமையானது: இந்த எறும்பு இவ்வளவு விலை கொடுக்கத் தகுந்த எதிரியா, அடித்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யாராவது பார்த்தீர்களா?

மெதுவாகச் சாக வேண்டும்

ஏன் தோற்றது என்று புரிந்துகொள்ள எறும்புப் புற்றுக்குள் போக வேண்டும்.

வளர்ந்த புற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வேலைக்கார எறும்புகள். ஆறடி ஆழம்கூடப் போகும் சுரங்கங்கள். வெளியே திரிவது அதில் ஒரு பகுதிதான்; பெரும்பாலும் வயதான எறும்புகள். மேலே என்ன கொட்டினாலும் சாவது அவைதான். ராணி கீழே இருக்கிறாள். நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் முட்டை போடக்கூடியவள். அவள் இருக்கும்வரை புற்று இருக்கும். சாக்பீஸ் கோட்டில் செத்துக் கிடக்கும் எறும்பைப் பார்த்து நமக்கு வரும் திருப்தி இருக்கிறதே, அது புற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ராணிக்கு எப்படி விஷம் கொடுப்பது? அவள் வெளியே வரமாட்டாள். அவளுக்கு ஊட்டுகிறவர்கள் கையாலேயே கொடுக்க வேண்டும். இங்கேதான் நெருப்பெறும்பின் சாப்பாட்டு முறை உதவியது. வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. எண்ணெயோ சாறோ உறிஞ்சி, வயிற்றில் தனிப் பையில் வைத்துக் கொண்டுவந்து, வாயோடு வாய் வைத்து மற்றவர்களுக்குப் பகிரும். திடமானதைக் கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளிடம் கொடுத்துச் செரிக்க வைத்து, அவை தரும் திரவத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு எறும்பு உறிஞ்சிய எண்ணெய் கொஞ்ச நாளில் புற்று முழுக்கப் பரவிவிடும்.

ஆக, நல்ல எறும்பு மருந்து என்றால் என்ன? 1960களில் விவசாயத் துறையின் விஞ்ஞானிகள் இதற்கு ஒரு இலக்கணமே வகுத்தார்கள். எறும்புக்கு அதன் வாசனை பிடிக்காமல் போகக் கூடாது. வாயிலிருந்து வாய்க்கு மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மெதுவாகக் கொல்ல வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்த மருந்து தேறாது! வேகமாகக் கொன்றால், கொண்டுபோகிற எறும்பு வழியிலேயே செத்துவிடும். ராணிக்குப் போய்ச் சேராது.

என் சீட்டின் 'சில வாரங்கள் ஆகும்' என்ற வரி இங்கிருந்துதான் வருகிறது. முதலில் நடமாட்டம் கூடுவதும் அப்படியே. இரை கிடைத்தால் எறும்பு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டுதான் வரும். வர வேண்டும்.

இந்த இலக்கணத்துக்குப் பொருந்திய முதல் பெரிய மருந்து மைரெக்ஸ். சோளக்கட்டையை நொறுக்கி, சோயா எண்ணெயில் ஊற வைத்து, மொத்த இரையில் 0.3 சதவீதம் மைரெக்ஸ். ஏக்கருக்கு ஒன்றேகால் பவுண்டு இரை. அதில் உண்மையான விஷம் 2 கிராமுக்கும் குறைவு. 900 கிராம் எங்கே, 2 கிராம் எங்கே? விவசாயத் துறைக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. 1962லிருந்து மறுபடி விமானங்கள். இம்முறை சிலவற்றில் போர்க்காலத்து பி-17 குண்டுவீச்சு விமானங்களையே மாற்றியமைத்து, ஜெர்மனி மேல் குண்டு போட்ட வயிற்றிலிருந்து எறும்புக்கு இரை போட்டார்கள். பதினைந்து வருஷங்களில், திரும்பத் திரும்பத் தூவிய இடங்களையும் சேர்த்தால், பத்து கோடி ஏக்கருக்கும் மேல்.

மைரெக்ஸ் எறும்பை அருமையாகக் கொன்றது. பறவைகள் கொத்தாகச் சாகவில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. அது சிதையாது. வெயிலிலும் மழையிலும் மண்ணிலும் அப்படியே இருக்கும். 2 கிராம் என்றாலும் அது எங்கேயாவது போக வேண்டுமே? ஆற்றில் போனது. இறாலையும் நண்டையும் பாதித்தது. மீனில் ஏறியது. கடைசியில் தென் மாநில மனிதர்களின் உடல் கொழுப்பில் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூட எலிகளில் புற்றுநோய் தெரிந்தது. 1970ல் சூழல் அமைப்பு ஒன்று விவசாயத் துறை மேல் வழக்குப் போட்டது. விசாரணைகள் வருஷக்கணக்கில் இழுத்தன. 1976ல் மருந்து தயாரித்த கம்பெனி, தன் ஆலையை மிசிசிப்பி மாநில அரசின் எறும்பு ஒழிப்பு அமைப்புக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டு விலகிக்கொண்டது. 1977 கடைசியில் மைரெக்ஸின் உரிமம் ரத்தானது. மறு வருஷம் கையிருப்பும் தீர்ந்தது.

எறும்பு தீரவில்லை. 1957ல் 2 கோடி ஏக்கர் என்றேனே, இன்றைக்கு அமெரிக்காவில் அது 30 கோடி ஏக்கருக்கும் மேல். வில்சன் இந்த மொத்தப் படையெடுப்பையும் பூச்சியியலின் வியட்நாம் என்று அழைத்தார்.

யாருக்கு இடம் காலியானது

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். மைரெக்ஸ் தூவிய நிலங்களில் பிறகு எந்த எறும்பு வந்தது என்று 1970களில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இரை நெருப்பெறும்பை மட்டும் கொல்லவில்லை. எண்ணெய் தேடி வந்த உள்ளூர் எறும்புகளையும் கொன்றிருந்தது. காலியான நிலத்துக்கு முதலில் திரும்பி வந்தது நெருப்பெறும்புதான். முன்னைவிட ஏகபோகமாக.

காரணம் எளிது. வெயிலடித்து மழை ஓய்ந்த நாளில் புற்றுகளிலிருந்து இறக்கை முளைத்த ராணிகள் ஆயிரக்கணக்கில் பறக்கும். நம்மூரில் மழைக்குப் பின் ஈசல் பறப்பது போல. இணை சேர்ந்து தரையிறங்கி, இறக்கையை உதிர்த்துவிட்டுத் தனியாக மண் தோண்டும். அந்த நேரத்தில் ராணி ஒரு அநாதை. தட்டான் தின்னும், பறவை தின்னும். தரையில் அவளைத் தேடிப் பிடித்துக் கொல்கிறவர்களில் முக்கியமானவர்கள் வேறு எறும்புகள். அவர்களை நாம் ஏற்கெனவே கொன்றுவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம்.

ஃப்ளோரிடாவில் வால்டர் சிங்கல் என்ற எறும்பு ஆய்வாளரும் ஜோஷுவா கிங்கும் இதை இன்னொரு பக்கத்திலிருந்து சோதித்தார்கள். 2008ல் வெளியான ஆய்வு அது. பைன் காட்டில் சில துண்டு நிலங்களை உழுதார்கள், சிலவற்றில் புல் வெட்டினார்கள், சிலவற்றைத் தொடவே இல்லை. பிறகு சில துண்டுகளில் நெருப்பெறும்புப் புற்றுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொடாத காட்டில் வைத்த புற்றுகள் நிலைக்கவில்லை. உழுத நிலத்தில் அவை செழித்தன. உள்ளூர் எறும்புகள் குறைந்ததற்கும் உழவே பெரிய காரணமாக இருந்தது; நெருப்பெறும்பு அவற்றைத் துரத்தியது என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை.

அப்படியென்றால் நெருப்பெறும்பு காட்டைக் கைப்பற்றிய படை அல்ல. நாம் கிளறிப்போட்ட இடங்களில் குடியேறிய உயிர். சாலையோரம், மேய்ச்சல் நிலம், புதிதாக மனை போட்ட புறநகர், வாராவாரம் வெட்டுகிற புல்தரை. ஹூஸ்டன் புறநகரில் என் வீட்டு லானைவிட அதற்குத் தோதான இடம் வேறு இல்லை. அதன் பராகுவே ஆற்றங்கரையை நாங்கள்தான் ஸ்பிரிங்க்ளர் போட்டு இங்கே உண்டாக்கித் தந்திருக்கிறோம்.

சரி, என்னதான் எதிர்பார்க்கலாம்?

மைரெக்ஸுக்குப் பிறகு வந்த மருந்துகள் இந்தப் பாடங்களைக் கேட்டு வளர்ந்தவை. 1980ல் ஹைட்ராமெத்தில்நான் வந்தது. அதே சோளத்துகள், அதே சோயா எண்ணெய். ஏக்கருக்கு 5 கிராம் அளவில்தான் விஷம். பெரிய வித்தியாசம், வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அடுத்து பூச்சி வளர்ச்சியைக் குழப்பும் மருந்துகள். அவை யாரையும் கொல்லாது. புது வேலைக்கார எறும்பு உருவாகாமல் தடுக்கும். இருக்கிறவை வயதாகிச் செத்து, புற்று தானாகக் காலியாக இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

இதையெல்லாம் படித்த பிறகு அந்தச் சீட்டை மறுபடி எடுத்து வரி வரியாகப் பார்த்தேன்.

24 மணி நேரம் தண்ணீர் விடக் கூடாது என்பது, நனைந்த இரையை எறும்பு தொடாது என்பதற்காக. புற்றைக் கிளறக் கூடாது என்பது, ஆபத்து தெரிந்தால் ராணியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் புதுப் புற்று போட்டுவிடும் என்பதற்காக. இரை எடுப்பதையும் நிறுத்திவிடும். திரவ மருந்து காய வேண்டும் என்பது, ஈரமாக இருக்கும்போதுதான் அது கையிலும் பாதத்திலும் ஒட்டும் என்பதற்காக. புற்று வாயில் ஒரு வாரத்தில் செத்த எறும்புக் குவியல் தெரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். பிணங்களை வெளியே கொண்டுவந்து போடுகிறார்கள். ராணி செத்த பின்னும் கொஞ்ச நாள் எறும்பு தெரியும். அவை கடைசித் தலைமுறை.

ஒரே ஒரு புற்றுதான், மருந்தும் வேண்டாம் என்றால் கொதிக்கிற தண்ணீர் உண்டு. டெக்சஸ் விவசாய விரிவாக்கத் துறையினர் சொல்லும் கணக்குப்படி மூன்று கேலன், அதாவது பதினொரு லிட்டர் கொதிநீர் ஊற்றினால் சுமார் 60 சதவீதப் புற்றுகள் சாகும். கை வெந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், புல்லும் கருகும். சோள ரவையைத் தூவினால் எறும்பு தின்று வயிறு வெடித்துச் சாகும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். வளர்ந்த எறும்புக்குத் திட உணவே இறங்காது என்று தெரிந்துவிட்டால் இதை நம்ப வேண்டியதில்லை.

கடைசி வரி: மழைக்குப் பின் புதுப் புற்று வரலாம். 1957ல் யாரும் ஒத்துக்கொள்ளாத வரி இதுதான். பக்கத்து வீட்டில் எறும்பு இருக்கிறது. தெருமுனைப் பூங்காவில் இருக்கிறது. ராணிகள் பறக்கும். வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை இரை போட்டால் குழந்தை விளையாடும் அளவுக்குப் புல்தரை இருக்கும். அவ்வளவுதான். ஒழிப்பு கிடையாது, கட்டுப்பாடு உண்டு. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் இரை போடுகிறோம். தனித்தனியாகப் போட்டதைவிட அது நன்றாக இருக்கிறது. வேலியோரத்தில் சின்னக் கறுப்பெறும்புகள் இருக்கும் இடத்தை இரை தூவாமல் விட்டுவிடும்படி வந்தவரிடம் சொன்னேன். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

இந்தியாவில் பிஹெச்சி 1997ல் தடையானது. அந்த மூலைகளை அம்மா பெருக்கிச் சுத்தம் செய்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் வேறொரு எறும்பின் கதை தமிழ்நாட்டில் ஆரம்பித்திருக்கிறது. 2022ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்குப் பக்கத்தில் கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியது செய்தியானது. அது கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்படுவதாகவும், காட்டுக்குள் போக முடியவில்லை என்றும் மக்கள் சொன்னார்கள். அவர்கள் கஷ்டம் நிஜம். ஏதாவது செய்யத்தான் வேண்டும்.

இதே எறும்பு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் லட்சக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது. அங்கே ஹெலிகாப்டரில் இரை போட்டார்கள். எறும்பு குறைந்தது, சில வருஷத்தில் திரும்பியது. பிறகு எறும்பை விட்டுவிட்டு, அது எதைத் தின்று இவ்வளவு பெருகுகிறது என்று பார்த்தார்கள். மரங்களில் இருக்கும் அரக்குப் பூச்சி சுரக்கும் தேன்போன்ற நீர்தான் அதன் சோறு. 2016 கடைசியில், அந்த அரக்குப் பூச்சியை மட்டும் தாக்கும் ஒரு மிகச் சிறிய குளவியை, பல வருஷச் சோதனைக்குப் பிறகு தீவில் விட்டார்கள்.

கரந்தமலையில் நாளைக்கு யாராவது மருந்துப் பம்போடு வந்து நிற்பார்கள். அப்போது கிராமத்து ஆட்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும். இது ராணிவரைக்கும் போகுமா? இங்கே இருக்கிற மற்ற எறும்புகள் என்ன ஆகும்? ஆடு குடிக்கிற தண்ணீரில் இது எத்தனை நாள் இருக்கும்? அலபாமா விவசாயிகளிடம் 1957ல் இந்தக் கேள்விகளைக் கேட்க யாரும் நேரம் கொடுக்கவில்லை. விமானம் முதலிலேயே வந்துவிட்டது.